ஏ.எல். முடித்த தங்கைக்கு மூன்று மாத ‘வொலண்டியர்’ வேலை: போகவிடலாமா?

வெள்ளவத்தை அண்ணா கேட்டது:

வணக்கம். என் தங்கை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறாள். ஒரு இங்கிலிஷ் கிளாஸ், மற்றபடி போனும் அவளும்தான். போன கிழமை பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் கண்டாள். கொழும்பு மூன்றில் உள்ள ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டுக் கம்பனி, பெயர் வேண்டாம், ‘வொலண்டியர்ஸ் தேவை’ என்று போட்டிருந்தது. விசாரித்தால் இப்படிச் சொல்கிறார்கள்: திங்கள் முதல் சனி வரை, காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை, மூன்று மாதம். லப்டொப் நாமே கொண்டுபோக வேண்டும். சாப்பாடு, பஸ் காசு கிடையாது. முடிவில் சான்றிதழ் தருவார்களாம். இடையில் நின்றால் அதுவும் இல்லை.

‘சும்மா வேலை வாங்கப் பார்க்கிறான்கள்’ என்கிறார் அப்பா. வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் உதவும் என்பது அம்மாவின் கணக்கு. தங்கைக்குப் போக ஆசை. இதை வொலண்டியர் வேலை என்று எடுக்கலாமா, அல்லது அப்பா சொல்வதுதான் சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை ஜீவா:

போகட்டும் ப்ரோ. வீட்டில் இருந்து டிக்டொக் பார்ப்பதைவிட மேல். நானும் இப்படி ஒரு இடத்தில்தான் தொடங்கினேன். ஆட்களைத் தெரிந்துகொள்ளலாம், பிறகு அதுதான் உதவும். அதோடு, நம்மூரில் எது முழு விருப்பத்தோடு நடக்கிறது? நான் படித்த பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை சிரமதானம் என்று அறிவிப்பார்கள். வராதவன் திங்கட்கிழமை பிரின்சிபல் அறை வாசலில் நிற்பான்.

ஹம்டன் லேன் அன்ரி:

ஜீவா தம்பி சொல்வதில் பாதி சரி. பிள்ளை வெளியே போய் நாலு பேரோடு பழகத்தான் வேண்டும். ஆனால் நான் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள், அந்தப் புத்தி போகாது. யாராவது சேவை என்று வாய் திறந்தால் காசு எங்கே போய்ச் சேருகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கல்யாணத்துக்கும் கம்பனி விருந்துக்கும் மேடை போட்டு லட்சக்கணக்கில் பில் எழுதுகிறவருக்குப் பிள்ளை மூன்று மாதம் சும்மா உழைத்தால், அந்த மிச்சம் முதலாளியின் சட்டைப்பைக்குத்தான் போகும்.

சிரமதானத்தைப் பற்றிச் சொன்னீர்கள். 1958 இல் நாளந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போய் அங்குள்ள மக்களோடு சேர்ந்து வேலை செய்தார். சர்வோதய இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. அதைப் பள்ளிக்கூடங்கள் தண்டனை ஆக்கினதற்கு அந்த மனிதர் என்ன செய்வார்?

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் தண்ணீருக்குள் போன நேரம் எங்கள் பக்கத்து மண்டபத்தில் சமைத்துப் பார்சல் கட்டினோம். கூப்பிட்டு வந்தவர்கள் கொஞ்சப் பேர், தெருவால் போகும்போது எட்டிப் பார்த்து உள்ளே வந்தவர்கள்தான் கூட. முதல் நாள் யாரோ தேங்காய்ச் சம்பல் வைத்துக் கட்டிவிட்டார்கள். படகு கிடைத்துச் சோறு போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது, திறந்தால் புளித்த மணம். அடுத்த நாள் வத்தளையிலிருந்து ஒரு முஸ்லிம் அம்மா வந்து சட்டியைத் தன் பொறுப்பில் எடுத்தார். தேங்காய்ப்பால் விடாத பருப்பு, பொரித்த கருவாடு, அவ்வளவுதான். சோறு ஆறும்வரை லஞ்ச் ஷீட்டை மடிக்க விடமாட்டார். சூட்டோடு மடித்தால் உள்ளுக்குள் வியர்த்துப் பழுதாகுமாம். மகள் வயதுப் பிள்ளைகளை எல்லாம் அதட்டிக்கொண்டே நின்றார், ஒருவரும் கோபிக்கவில்லை.

உடுப்பு மேசை வேறு கதை. நிவாரணத்துக்கு உடுப்பு என்று சொன்னால் நம்மவர்கள் அலுமாரியைத் துப்பரவாக்கிவிடுவார்கள். கிழிந்த கவுன், ஒற்றைச் சப்பாத்து, சரிகை போட்ட கூறைச்சேலைகூட வந்தது. அதைப் பிரிப்பதிலேயே இரண்டு பேரின் நாள் போனது.

அங்கே வங்கி மனேஜர் ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ‘எனக்கு மீட்டிங்’ என்று எழும்பிக் கைகழுவிவிட்டுப் போனார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. உங்கள் தங்கை சனிக்கிழமை ஒன்றுக்கு ‘எனக்குக் கிளாஸ் இருக்கிறது, வரமாட்டேன்’ என்று அந்தக் கம்பனியிடம் சொல்லிப் பார்க்கட்டும், என்ன நடக்கும் என்று தெரியும். வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டுக் கைவிடுவதும் அழகில்லைதான், சொன்ன நேரத்துக்கு நிற்கவேண்டும். ஆனால் வராவிட்டால் சான்றிதழ் இல்லை என்று முதல் நாளே பிடிபோடுகிறவருக்குத் தேவை சம்பளம் கேட்காத ஊழியர்.

அவர்களிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: ‘நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்?’ ‘ஆள் வைப்போம்’ என்றால் அது ஒருவருடைய சம்பளம்.

மனிதவள மூர்த்தி:

அன்ரிக்கு ஒரு சலூட். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மதிய இடைவேளைக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் தங்கையின் நேரம் கிழமைக்கு 45 மணித்தியாலம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கே சாதாரணமாக வைத்திருக்கும் எல்லை அதுதான்! ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் கட்டவேண்டும். 2016 இல் வந்த சட்டப்படி குறைந்தபட்ச வேதனமும் உண்டு. வொலண்டியர் என்று ஒரு சொல்லைப் போட்டால் இது எல்லாம் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

ஒரு துணுக்கு: இராணுவத்தின் தொண்டர் படைக்கு 1881 வரை வரலாறு இருக்கிறது. பெயர்தான் தொண்டர், சேவைக்கு அழைத்தால் அவர்களுக்கும் சம்பளம் உண்டு.

வவுனியா டு கொட்டாஞ்சேனை:

அன்ரியின் கேள்வி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று நினைக்கிறேன். என் சின்னம்மா வன்னியில் தொண்டர் ஆசிரியராக இருந்தவர். சண்டைக் காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் பெற்று வர ஆள் இல்லை. சின்னம்மாவைப் போன்றவர்கள் போகாவிட்டால் வகுப்பே நடந்திராது. சைக்கிளில் போய் வந்தார், பெற்றோர் சேர்த்துக் கொடுத்த சிறுதொகைதான். அது தொண்டு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய வயது அதிலேயே போனது. பிறகு நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் உட்கார்ந்தபோது, வரவுப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா, அதிபரின் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

அதனால் தங்கை எங்கே போனாலும், எந்தத் திகதியிலிருந்து என்ன வேலை செய்கிறார் என்று முதல் நாளே எழுத்தில் வாங்கட்டும். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

ஹம்டன் லேன் அன்ரி:

பிள்ளை, நீங்கள் சொல்வது சரி. பள்ளிக்கூடத்தையும் கம்பனியையும் நான் ஒரே தராசில் வைக்கமாட்டேன். அரசாங்கம் அனுப்ப வேண்டிய ஆளின் இடத்தில் உங்கள் சின்னம்மா நின்றார், கடன்பட்டது அரசாங்கம்.

வெள்ளவத்தை அண்ணா:

எல்லோருக்கும் நன்றி. தங்கையே அந்தக் கம்பனிக்குப் போன் எடுத்தாள். பஸ் காசுக்குப் பட்ஜெட் இல்லையாம். அன்ரியின் கேள்வியைக் கேட்டதும் அங்கே பேசிய பெண் சிரித்துவிட்டு ‘முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்றாராம். சம்பளத்தோடு பயிற்சிக்கு எடுப்பதாக இருந்தால் வருகிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள். இன்னும் பதில் இல்லை. அப்பாவுக்குச் சந்தோஷம், அம்மாவுக்கு முகம் இல்லை. ஏதாவது உருப்படியாகச் செய்யவேண்டும் என்று இவள் நிற்கிறாள். கொழும்பில் எங்கே தொடங்கலாம்?

ஹம்டன் லேன் அன்ரி:

சென். ஜோன்ஸ் அம்புலன்சிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ முதலுதவிப் பயிற்சிக்குக் கேட்கச் சொல்லுங்கள். கையில் ஒரு தொழில் தெரிந்தால் ஆடிவேல் திருவிழா மாதிரிக் கூட்டத்தில் நிற்கலாம், அம்மா கேட்கும் சான்றிதழும் வரும். மருதானைப் பக்கம் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடங்களும் உண்டு, கோயிலில் விசாரித்தால் தெரியும்.

நாளைக்கே ஏதாவது செய்யவேண்டும் என்றால் நாரஹேன்பிட்டி இரத்த வங்கி. இங்கே காசுக்கு இரத்தம் வாங்குவதில்லை, விருப்பத்தோடு கொடுப்பவர்களை நம்பித்தான் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும், 50 கிலோ இருக்க வேண்டும், ஒருமுறை கொடுத்தால் அடுத்ததற்கு நாலு மாதம். காலைச் சாப்பாட்டை விடாமல் போகச் சொல்லுங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு பிஸ்கட்டோடு வெளிக்கிட்டுவிடுவார்கள். அடையாள அட்டையையும் மறக்க வேண்டாம்.