ஐஸ் இல்லாத ஊரில் ஐஸ் ஹொக்கி: வலைப்பந்துத் தளத்தில் எப்படிப் பழக்குவது?

தருமபுரம் அக்கா:

வணக்கம். தருமபுரம் பக்கம் மாலைநேர விளையாட்டுக் கழகம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். கனடாவில் பிரம்டனில் இருக்கும் சித்தப்பா, தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று வீட்டில் கிடந்த ஐஸ் ஹொக்கிச் சாமான்களைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் போட்டுவிட்டார். திறந்தால் தடிகள், முழங்கைக் காப்பு, முகத்துக்குக் கம்பி வைத்த தலைக்கவசம், பக் என்கிற கறுப்பு ரப்பர் வில்லைகள், பிறகு பிளேட் வைத்த சப்பாத்துகள். பிளேட்டைப் பார்த்த அம்மா கேட்டது: "இதாலை தேங்காய் திருவலாமோ?"

பிள்ளைகள் தரம் 5 முதல் 9 வரை. யூடியூப்பில் பார்த்துவிட்டு, காலில் சில்லுப் பூட்டி ஓடுவோம் என்று நிற்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்திருப்பது பாடசாலையின் சீமெந்து வலைப்பந்துத் தளம். ஒரு மூலை வெடித்துக் கிடக்கிறது. பக்கை அடித்துப் பார்த்தோம். சறுக்கவே இல்லை, விளிம்பில் எழும்பி உருண்டு பூவரசு வேலிக்குள் போய்விட்டது.

நான் வலைப்பந்து ஆடியவள், ஹொக்கி தெரியாது. சில்லுச் சப்பாத்துக்குக் காசு சேர்ப்பதா, சாதாரணச் சப்பாத்தோடு தொடங்குவதா? பக்குக்குப் பதில் என்ன? முதல் மாதம் எதைப் பழக்குவது? "இங்கே எதற்கு இந்த விளையாட்டு" என்ற பதில் மட்டும் வேண்டாம். அது ஊரிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

மல்லாவி – ஸ்காபரோ:

தங்கச்சி, நான் இங்கே மகளின் குழுவுக்கு உதவிப் பயிற்றுநர். சாதாரணச் சப்பாத்தே போதும். கரடான சீமெந்து சில்லைத் தின்றுவிடும். அந்த வெடிப்பில் சில்லு மாட்டினால் பிள்ளையின் மணிக்கட்டு போய்விடும். கனடாவிலேயே தெருவில் பிள்ளைகள் சப்பாத்தோடுதான் ஆடுகிறார்கள். போல் ஹொக்கி (ball hockey, பந்து ஹொக்கி) என்று அதற்குத் தனி லீக்குகள், உலகப் போட்டிகூட உண்டு.

பக் பெட்டியிலேயே இருக்கட்டும். 170 கிராம் அளவு இறுகிய ரப்பர் அது. துள்ளக்கூடாது என்று ஆட்டத்துக்கு முன் அதை உறையவைத்துத்தான் இங்கே எடுப்பார்கள். உங்கள் வெயிலுக்கு அது சரிவராது. பழைய ரெனிஸ் பந்தில் வயர் சுற்றும் ரேப்பை இறுக்கிச் சுற்றுங்கள்: பாரம் கூடும், துள்ளல் குறையும். கிறிக்கெற் ஆடுகிற பொடியளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

தடியைப் பிரித்துக் கொடுக்குமுன் ஒரு வேலை இருக்கிறது. தடியின் வளைவில் இடக்கைக்காரருக்கு ஒன்று, வலக்கைக்காரருக்கு ஒன்று என்று உண்டு. ஒவ்வொரு பிள்ளையிடமும் தும்புத்தடியைக் கொடுத்துத் தளத்தைக் கூட்டச் சொல்லுங்கள். எந்தக் கை கீழே போகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் பக்கம். வலக்கையால் எழுதும் பிள்ளை இடக்கையைக் கீழே வைத்தால் திருத்த வேண்டாம். இங்கே பெரும்பாலானவர்கள் அப்படித்தான் பிடிக்கிறார்கள். தளமும் கூட்டுப்பட்டுவிடும்.

உயரம்: சப்பாத்தோடு நின்றால் கழுத்தெலும்புக்கும் நாடிக்கும் இடையில் வரவேண்டும். கூடினால் மேல்நுனியை வாளால் அரியுங்கள். உள்ளே வெறுமையான தடியென்றால் அரிந்த வாயில் மரக்கட்டை செருகி ரேப் சுற்றாமல் கையில் கொடுக்காதீர்கள், வயிற்றில் குத்தும்.

தளம் சின்னது என்று யோசிக்க வேண்டாம். ரிங்க் என்கிற ஐஸ் தளம் முழு அளவில் 61 மீற்றர் நீளம், 26 மீற்றர் அகலம். 2017-18 பருவத்திலிருந்து கனடாவில் மிகச் சின்னப் பிள்ளைகளை அதில் முழுதாக ஆடவிடுவதில்லை, குறுக்கே பிரித்துத்தான் ஆட்டம். வலைப்பந்துத் தளம் 30.5க்கு 15.25. மூன்றுக்கு மூன்று, கோலுக்கு ஒருவர், அளவாக இருக்கும்.

முள்ளியவளை வாத்தியார்:

பிள்ளை, அந்தப் பதில் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் ஒன்று சொல்கிறேன். புல்தரை ஹொக்கி என்றால் பாடசாலைப் போட்டி உண்டு, சான்றிதழ் உண்டு, மாத்தளைப் பிள்ளைகள் அதில் பெயரெடுத்திருக்கிறார்கள். உங்கள் ஆட்டத்தில் வென்றாலும் விண்ணப்பப் படிவத்தில் எழுத இடமில்லை.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். தடி இடுப்புக்கு மேலே போனால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வரை வெளியே, காரணம் கேட்கவேண்டாம். உடலால் மோதுவது அறவே கூடாது. கோல் காப்பவருக்குக் கிறிக்கெற் காலுறை போதும். ஆனால் கிறிக்கெற் தலைக்கவசத்தின் கம்பி இடைவெளிக்குள் உங்கள் பந்து அமுங்கிப் புகுமா என்று கையால் அழுத்திப் பாருங்கள். சித்தப்பா அனுப்பியதைப் போட்டால் இன்னும் நல்லது. நீளப் பக்கம் இரண்டிலும் பனங்குற்றி கிடத்தினால் பந்து வேலிக்குப் போகாது (பனங்குற்றியை வேறெதற்கெல்லாம் அடுக்கினோம் என்பது என் வயதுக்காரருக்குத் தெரியும்). மாரியில் சீமெந்தில் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்காமல் இறக்காதீர்கள்.

மதுரைக்காரன்:

நான் லடாக்கில் லே ஊர்ப் பக்கம் சாலை ஒப்பந்த வேலையில் இருந்தவன். 3,500 மீட்டர் உயரத்தில் இருந்தும் அங்கே குளத்துப் பனி இரண்டு மாதம், கொஞ்சம் கூடினால் இரண்டரை மாதம்தான் நிற்கும். இரவில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து ஆடுவார்கள். லடாக் பெண்கள் நிறைந்த இந்திய அணி 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது. அந்த பிலிப்பைன்ஸில் ரிங்க் இருப்பதே மால்களுக்குள். அதே ஆண்டு கோலாலம்பூர் தென்கிழக்காசியப் போட்டியில் ஐஸ் ஹொக்கித் தங்கம் பிலிப்பைன்ஸ் ஆண்கள் அணிக்குத்தான். வாத்தியார் சொன்ன படிவத்துக்கு இது பதிலில்லை. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், போதும்.

தருமபுரம் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார், படிவம் பற்றிச் சொன்னது உண்மைதான். பெற்றோரும் அதையே கேட்பார்கள். ஆனால் இந்தக் கழகத்துக்கு வருகிற பிள்ளைகளில் பலர் எந்தப் பாடசாலை அணியிலும் எடுபடாதவர்கள்.

மல்லாவி அண்ணா, மூன்றாவது கேள்விக்கு நீங்கள் பதில் தரவில்லை. தடியைவிடப் பிள்ளைகள் கூட, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மல்லாவி – ஸ்காபரோ:

தடி குறைவாக இருப்பது நல்லதுக்குத்தான். இந்த விளையாட்டில் நான் முதலில் பழக்குவது ஆள் மாறுவதை. பெரியவர்களே ஒரு முறைக்கு முக்கால் நிமிடம் போல்தான் ஓடுவார்கள். ஆட்டம் நிற்காமலே உள்ளே வெளியே மாறுவார்கள். ஓரத்தில் ஒரு வாங்கு போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு விசில். வெளியே வருகிறவர் வாங்கைத் தொட்டு, தன்னைப் போலவே அதே கைப்பக்கம் பிடிக்கிற பிள்ளையிடம் தடியைக் கொடுத்த பிறகே அடுத்தவர் இறங்கலாம். கெட்டிக்காரப் பிள்ளைதான் வெளியே வர மறுக்கும். அதற்கு மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

இரண்டாவது உங்களுக்கே தெரிந்தது. வலைப்பந்தில் பந்தோடு ஓடமுடியாது, மூன்று செக்கனுக்குள் கைமாற்ற வேண்டும். முதல் மாதம் அந்த விதியை அப்படியே இங்கே போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் பந்தைச் சுற்றி மொய்ப்பார்கள், கெட்டிக்காரன் ஒருவன் மட்டும் ஆடுவான். கோலுக்கு ஓங்கி அடிப்பதை இரண்டாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம். அப்போது பனங்குற்றியும் வந்திருக்கும்.