ஹாஸ்டல் வாழ்க்கைக்குப் பழகியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். தென்காசியிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்து 3 வாரம் ஆகுது.

பாடம் பிரச்சினை இல்லை, தூக்கம்தான். வீட்ல 10 மணிக்குப் படுத்துருவேன். காலையில அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டா எந்திரிச்சிருவேன். இங்க ரூம்ல லைட் அணைக்கவே 1 மணி ஆகுது. ரூம்மேட்ஸ் நல்ல பசங்க, வந்த புதுசுலேயே 'லைட்டை அணைங்கடா'ன்னு சொல்ல வாய் வரலை. காலையில அலாரத்தை அணைச்சிட்டுத் திரும்பப் படுத்துர்றேன். எந்திரிக்கும்போது மெஸ் மூடியிருக்கும். வெறும் வயித்தோட கிளாஸ், 11 மணிக்கு கேன்டீன் பப்ஸ். இதுலயே காசு கரையுது.

அடுத்தது துணி. குற்றாலத் தண்ணியில வளர்ந்தவனுக்கு இங்க போர் தண்ணியில சோப்பு நுரையே வரலை. உப்புத் தண்ணி அப்படித்தான்னு தெரியும், ஆனா வெள்ளைச் சட்டை மங்கிப்போச்சே! ஞாயித்துக்கிழமை மொத்தமா துவைக்கிறதா, தினம் ஒண்ணு ரெண்டா?

லைட் விஷயத்தை மனசு நோகாம எப்படிப் பேசுறது? காலையில எழும்ப நீங்க என்ன பண்ணீங்க? அம்மாவை போன் பண்ணி எழுப்பச் சொல்லலாம்தான், ரூம்ல கலாய்ச்சே கொன்னுருவாங்க.