ஒளிக்கு நிறை இல்லையென்றால் ஆற்றல் மட்டும் எப்படி வந்தது?

நிலாக்கல்: ஆற்றல் என்றால் நிறை பெருக்கல் ஒளிவேகத்தின் வர்க்கம் என்கிறார்கள். ஒளித்துகளான ஃபோட்டானின் நிறை பூஜ்யம். அப்படியானால் அதன் ஆற்றலும் பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் வெயிலில் நின்றால் சுடுகிறதே!

கோள்வழி: அந்தச் சமன்பாடு ஓய்வில் இருக்கும் பொருளுக்கு மட்டும். முழு வடிவத்தில் உந்தமும் (நகர்வதன் தள்ளும் அளவு) உண்டு: ஆற்றலின் வர்க்கம் = (உந்தம் × ஒளிவேகம்) இதன் வர்க்கம் + (நிறை × ஒளிவேக வர்க்கம்) இதன் வர்க்கம். நிறையைப் பூஜ்யமாக்கினாலும் முதல் பகுதி அப்படியே நிற்கும், ஃபோட்டானின் ஆற்றல் முழுக்க அதுதான். இந்த உந்தம் வெறும் கணக்கு இல்லை, 2010இல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் விண்கலம் சூரிய ஒளி பாய்மரத்தைத் தள்ளியதிலேயே வேகம் கூட்டிக்கொண்டது.

நிலாக்கல்: சரி, அப்போ வேகம் கூடக்கூட நிறையும் கூடும் என்பது?

துகள்வேட்டை: பழைய பேச்சு அது, எனக்குப் பிடிக்காது. இப்போது நிறை என்றால் ஓய்வு நிறைதான், அது மாறாது, கூடுவது ஆற்றலும் உந்தமும். செர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள் மோதுவிப்பானில் 6.5 டெரா எலக்ட்ரான்வோல்ட் (துகள் ஆற்றலின் அலகு) ஆற்றலோடு ஓடும் புரோட்டான் ஒளியைவிட நொடிக்குச் சுமார் 3 மீட்டர்தான் பின்தங்குகிறது, இன்னும் எவ்வளவு ஆற்றலைக் கொட்டினாலும் அந்த இடைவெளி சுருங்குமே தவிர மறையாது.

கோள்வழி: ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். உள்ளே கண்ணாடி பதித்த பெட்டியில் ஒளியை அடைத்தால், ஃபோட்டான்களுக்குத் தனித்தனியே நிறை இல்லாவிட்டாலும் பெட்டியின் நிறை கூடும், ஓய்வில் இருக்கும் பெட்டிக்குள் அடைபட்ட ஆற்றல் அதன் நிறையில் சேர்ந்துவிடும்.