நாளைக் காலை 5.30-க்கு பஸ், ஒரு ஜட்ஜ் வேண்டுமாம். அவசரம், யாராவது பதில் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான் (வெள்ளி, மாலை 6.40)

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மகள் பள்ளியில் ஃபாரன்சிக்ஸ் என்று ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். ஒரு தாளை நீட்டினாள், நானும் ஏதோ லேப் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்று மெயில் வந்திருக்கிறது. நாளை சனிக்கிழமை காலை 5.30-க்குப் பள்ளி வாசலில் பஸ். போகும் இடம் இரண்டு மணி நேரத் தொலைவு. திரும்பி வர இரவு 9 ஆகுமாம். அதோடு, "ஒவ்வொரு குடும்பமும் பருவத்துக்கு ஒரு ஜட்ஜ் தர வேண்டும், நாளைக்கு ஒருவர் குறைகிறார், இல்லாவிட்டால் பள்ளி அபராதம் கட்ட வேண்டியிருக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். ஜட்ஜுக்கு நான் எங்கே போவேன்? ஏதாவது கேஸா? விசாவுக்கு வில்லங்கம் வருமா? வீட்டுக்காரி அழுதுகொண்டிருக்கிறாள். மகளோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரமாகச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

தொண்டி – தம்மாம்

தம்பி, ஃபாரன்சிக் என்றால் பிணப் பரிசோதனை. பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு? முதலில் பெயரை வெட்டச் சொல்லுங்கள். படிப்புக்கு அனுப்பினோமா, ஊர் சுற்றவா? நான் 1998-இல் இங்கே வந்தபோது ஒரு அறையில் எட்டுப் பேர். ஏசி ஓடாது. ஆளுக்கொரு நாள் சமையல். நம்மோடு இருந்த ஒருவர் மாதம் முழுக்க நெத்திலிக் கருவாட்டுக் குழம்பையே வைத்தார், கேட்டால் ஊர் ஞாபகம் என்பார். அந்தக் காலத்தில் நமக்கு சனிக்கிழமை என்று ஒரு கிழமை இருந்ததே தெரியாது.

பாம்பன் அக்கா – நியூ ஜெர்சி

தம்பி, முதலில் தங்கச்சியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். பிணமும் இல்லை, கேஸும் இல்லை. பேச்சுப் போட்டிக்கும் விவாதத்துக்கும் இங்கே பழைய பெயர்தான் ஃபாரன்சிக்ஸ். லத்தீனில் ஃபோரம் என்றால் ஊர் கூடும் மன்றம், அதிலிருந்து வந்த சொல். நம் பட்டிமன்றத்தில் இருக்கும் மன்றம்தான், வேறொன்றும் இல்லை. 1925-இல் விஸ்கான்சினில், ரிப்பன் கல்லூரியைச் சேர்ந்த ப்ரூனோ ஜேக்கப் என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக நேஷனல் ஃபாரன்சிக் லீக் என்று தொடங்கினார். சுருக்கினால் என்.எஃப்.எல்., இங்குள்ள ஃபுட்பால் லீக்குக்கும் அதே எழுத்துகள். 2014-இல்தான் நேஷனல் ஸ்பீச் அண்ட் டிபேட் அசோசியேஷன் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். பள்ளிகளின் வாயில் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜட்ஜ் என்றால் நடுவர், அவ்வளவுதான்.

சுவரைப் பார்த்துப் பேசுவதற்கும் பயப்படாதீர்கள். போட்டி நடக்கும் பள்ளியில் காரிடார் முழுக்கக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு சுவரிடம் கை நீட்டிப் பேசிக்கொண்டு நிற்பார்கள்.

எந்தப் பிரிவு என்று நீங்கள் சொல்லவில்லையே? ஒரிஜினல் ஆரட்டரி என்றால் தானே எழுதி, மனப்பாடமாக 10 நிமிடம். அடுத்தவர் எழுத்திலிருந்து எடுத்தது 150 சொல்லைத் தாண்டக் கூடாது. எக்ஸ்டெம்ப் என்றால் அங்கே போய்க் கேள்வியை எடுத்து, 30 நிமிடத்தில் தயாரித்து, 7 நிமிடம் பேச வேண்டும். இன்டர்ப் என்றால் ஒரே ஆள் எல்லாப் பாத்திரமும் நடிப்பது. வேஷம் கிடையாது, ஒரு கைக்குட்டையைக்கூடப் பொருளாக எடுக்கக் கூடாது. ட்யூவோ என்று இருவர் சேர்ந்து நடிப்பதும் உண்டு, ஆனால் ஒருவரை ஒருவர் தொடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. நாங்கள் புருஷன் பெண்டாட்டி இங்கே வந்த முதல் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் இருந்தோம். ஹீட்டர் பழுது, கார் இல்லை, கடை மூன்று மைல். பனியில் வழுக்கி விழுந்து அரிசிப் பை கிழிந்து, நடுரோட்டில் உட்கார்ந்து அள்ளினேன். அதை எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கீழக்கரை காக்கா – சிகாகோ பக்கம்

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்பீச் எல்லாம் விட்டுவிட்டு டிராமாவில் சேருங்கள். அங்கே ஒரு கூட்டமே கூட இருக்கும், பிள்ளை தனியாகத் திண்டாடாது. என் மகள் வந்த வருஷமே மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கும் க்ரூவில் சேர்ந்தாள். ஆங்கிலம் பேசத் தயங்கிய பிள்ளை, அங்கேதான் வாய் திறந்தாள். ஆனால் ஒன்று, கான்ஃப்ளிக்ட் ஷீட் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். எந்தெந்த நாள் வர முடியாது என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும். நான் கான்ஃப்ளிக்ட் என்றால் சண்டை சச்சரவு என்று நினைத்து, "எங்களுக்கு யாரோடும் ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டெக் வீக், அதாவது நாடகத்துக்கு முந்தைய வாரம், விளக்கும் ஒலியும் சேர்த்துத் தினமும் இரவு வரை ஒத்திகை. அது நேராக நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. மகள் மேடைத் திரைக்குப் பின்னால் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்தாள். டைரக்டரம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு இடைவேளை விட்டார். முன்பே எழுதியிருந்தால் முதல் நாளே விட்டிருப்பார்.

அப்புறம் என்னையும் செட் போடக் கூப்பிட்டார்கள். கதையில் ஒரு படகு வரும். கீழக்கரைக்காரன் என்றால் தோணி கட்டத் தெரியும் என்று மகள் சொல்லி வைத்திருக்கிறாள்! ப்ளைவுட்டில் ஒன்று செய்து கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கதவுக்குள் நுழையவில்லை.

ஏர்வாடிப் பையன் – மினசோட்டா

காக்கா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. டிராமாவில் சேர்ந்தால் வார நாள் மாலை முழுக்கப் போய்விடும். ஸ்பீச் போட்டி என்றால் பெரும்பாலும் சனிக்கிழமைதான். ஆனால் ஒன்று இடிக்கிறது. இந்த அக்டோபரிலேயே ஸ்பீச் போட்டியா? எங்கள் மாநிலத்தில் அது புது வருஷம் பிறந்த பிறகுதான் சூடு பிடிக்கும். அந்தக் குளிரில் விடியற்காலை மஞ்சள் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், மூச்சே கண்ணாடியில் உறைந்துவிடும். நீங்கள் எந்த மாநிலம்? பிள்ளை எந்த வகுப்பு? இது தெரியாமல் நாங்கள் சொல்வதெல்லாம் காற்றில் போகும். சனிக்கிழமை தமிழ் வகுப்பு வேறு போய்விடும், அதையும் யோசியுங்கள்.

தொண்டி – தம்மாம்

அதைத்தான் நானும் சொன்னேன். தமிழ் போய்விடும்.

பாம்பன் அக்கா – நியூ ஜெர்சி

நீங்கள் பிணம் என்றுதானே சொன்னீர்கள் அண்ணே.

ராமேஸ்வரத்துப் பெரியவர் – மகன் வீட்டில், ஒஹையோ

காலை 5.30 பஸ்ஸுக்கா இத்தனை பேச்சு? பாம்பனில் ரோட்டுப் பாலம் வந்ததே 1988-இல்தான். அதற்கு முன் தீவை விட்டு வெளியே போக ரயிலை விட்டால் வேறு வழி இல்லை. நான் பத்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு ராமநாதபுரம் போனேன். காற்று அதிகம் என்று பாலத்துக்கு இந்தப் பக்கமே ரயிலை நிறுத்திவிட்டார்கள். போய்ச் சேரும்போது போட்டி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "அவைத் தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே" என்று தொடங்கும் அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்கு முழுசாக மனப்பாடம். எங்கேயும் பேசவில்லை. பேரனிடம் சொல்லிக் காட்டினேன், "தாத்தா, ஏன் கோபமாக இருக்கிறீர்கள்?" என்கிறான். இங்கே பிள்ளைகள் பேச்சு அப்படியே வீட்டில் பேசுவது மாதிரிதான். அதற்கு ஒரு கோப்பை வேறு.

ஏர்வாடிப் பையன் – மினசோட்டா

உண்மை ஐயா. எனக்கும் அது புரியவே இல்லை. நாம் எதுகை மோனையோடு முழங்கினால் கைதட்டல், இங்கே "கொஞ்சம் மெதுவாக, என் கண்ணைப் பார்த்துச் சொல்" என்று எழுதிக் கொடுப்பார்கள். அப்புறம் அந்த பீட்சா. எட்டு மணிக்கும் அதே பீட்சா, இரவுக்கும் அதே பீட்சா.

தங்கச்சிமடத்தான் (இரவு 8.55)

மன்னிக்கணும், மகளிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். டெக்சாஸ், டல்லாஸ் பக்கம். பத்தாம் வகுப்பு. ஒரிஜினல் ஆரட்டரிதான். என்ன பேசுகிறாய் என்று கேட்டேன். எங்கள் அம்மா பிறந்தது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊர் போனபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. 1900-இல் இங்கே கால்வெஸ்டன் என்ற தீவு ஊரைப் புயல் அடித்துக்கொண்டு போனதாம், ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துவைத்துப் பேசுகிறாள். அப்பத்தாவுக்கு போன் போட்டு மூன்று வாரமாகக் கேட்டு எழுதியிருக்கிறாள். அம்மா என்னிடம் ஒரு நாளும் அந்தக் கதையை முழுசாகச் சொன்னதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஒன் ஆக்ட் பிளே என்ற ஓரங்க நாடகப் போட்டி க்ரூவிலும் பெயர் கொடுத்திருக்கிறாளாம். கணக்கில் 68 வாங்கியிருக்கிறாள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

மண்டபம் கேம்ப் – ஆஸ்டின்

சம்பந்தம் உண்டு அண்ணே, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் டெக்சாஸ், இரண்டு பிள்ளைகளும் இதில்தான் இருக்கிறார்கள். கதையை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இன்றைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

இந்த மாநிலத்தில் நோ பாஸ் நோ பிளே என்று சட்டமே உண்டு, 1984-இல் வந்தது. கிரேடிங் பீரியட், அதாவது மார்க் கணக்கிடும் தவணை, முடிவில் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டி எதிலும் கலந்துகொள்ள முடியாது. ஒத்திகைக்கு மட்டும் போகலாம். விளையாட்டு, நாடகம், பேச்சு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 68 ஏதோ ஒரு டெஸ்ட் மார்க் என்றால் நாளைக்குத் தடை இல்லை. மொத்த மார்க் என்றால் இன்றே கோச்சுக்கு எழுதிவிடுங்கள்.

ஒன் ஆக்ட் பிளே போட்டியைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அதை நடத்துவது யு.ஐ.எல். என்ற மாநிலப் பள்ளிப் போட்டி அமைப்பு, போட்டிகள் வசந்த காலத்தில்தான். நாடகம் 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. செட் போட 7 நிமிடம், பிரிக்க 7 நிமிடம், கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். க்ரூ என்றால் அந்த 7 நிமிட ஓட்டம்தான், பிள்ளைக்கு நல்ல பயிற்சி. காக்காவின் படகு மட்டும் வேண்டாம்.

ஜட்ஜ் விஷயம். நீங்களே போங்கள். எத்தனை பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்களோ அதற்கு ஏற்ற நடுவர்களைப் பள்ளிதான் தர வேண்டும், அதனால்தான் பெற்றோர் தலையில் கட்டுகிறார்கள். ஆங்கிலம் பிசிறடித்தால் பரவாயில்லை, பெற்றோர் நடுவர்களில் பாதிப் பேர் நம்மைப் போலத்தான். விசாவுக்கும் ஒன்றும் ஆகாது, இது சம்பளமில்லாத உதவி. ஆனால் சில போட்டிகளில் காசு கொடுத்தும் நடுவர் பிடிப்பார்கள். நீங்கள் எச்-1பி என்றால் அந்தக் காசை மட்டும் வாங்காதீர்கள்.

கோச்சுக்கு இப்போதே "நான் வருகிறேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். டேப்ரூம் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கச் சொல்வார், உங்களுக்கு எந்த அறை என்பதும் மதிப்பெண் தாளும் அதில்தான் வரும். அதைத் தாள் என்று சொல்லாமல் பேலட் என்பார்கள், ஓட்டுப் போடுவது என்று குழம்ப வேண்டாம். உங்கள் பள்ளிப் பிள்ளைகளை உங்களுக்குத் தர மாட்டார்கள். தவறிப்போய்த் தந்தால் உடனே சொல்லிவிடுங்கள். ஒரு அறையில் ஐந்தாறு பேர் பேசுவார்கள். நன்றாகப் பேசியவருக்கு 1, அடுத்தவருக்கு 2. நம் ஊர் மார்க் மாதிரி நினைத்து நல்ல பிள்ளைக்கு 6 போட்டுவிடாதீர்கள், நான் என் முதல் போட்டியில் அந்தப் பாவத்தைச் செய்தேன். யார் முதல் என்று அறையில் வாய் திறக்கக் கூடாது. நேரத்தைப் போனில் பாருங்கள், அரை நிமிடம் கூடினால் விட்டுவிடலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரி எழுதுங்கள், பிள்ளைகள் அதைத்தான் தேடித் தேடிப் படிப்பார்கள்.

கோட் இல்லையென்றால் இந்த இரவில் தேடி அலையாதீர்கள். கறுப்புப் பேன்ட், முழுக்கைச் சட்டை போதும், மகளுக்கும் அதேதான். பள்ளியில் கோட் அலமாரி வைத்திருப்பார்கள், கோச்சிடம் கேளுங்கள். புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், ஏர்வாடித் தம்பி பீட்சாவைப் பற்றிச் சொன்னது சத்தியம். மகளுக்கு மெடிக்கல் ஃபார்ம் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள், அது இல்லாமல் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

ராமேஸ்வரத்துப் பெரியவர் – ஒஹையோ

தம்பி, பேத்தியிடம் சொல்லுங்கள். அந்தப் புயல் இரவில் கடல் அடித்துக்கொண்டு போன ரயில் 653, பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர். அந்த எண்ணைச் சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் ஆட்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

தங்கச்சிமடத்தான் (இரவு 10.20)

அந்த எண் அவள் பேச்சில் முன்பே இருக்கிறது ஐயா. கோச்சுக்கு எழுதிவிட்டேன். 68 என்பது ஒரு க்விஸ் மார்க்தானாம், மெடிக்கல் ஃபார்ம் பையில் இருக்கிறது. வீட்டுக்காரி புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருக்கிறாள், அழுகை நின்றுவிட்டது.

தங்கச்சிமடத்தான் (சனி, காலை 8.35)

நடுவர்கள் அறையில் இருக்கிறேன். காபி, டோனட் எல்லாம் வைத்திருக்கிறார்கள். முதல் ரவுண்டு எனக்கு ஹியூமரஸ் இன்டர்ப், அதாவது நகைச்சுவை நடிப்பு, போட்டிருக்கிறார்கள். வெளியே காரிடாரில் ஒரு பையன் சுவரைப் பார்த்து நாய் மாதிரி குரைத்து, உடனே கிழவி மாதிரி திட்டுகிறான். அவன் என் அறைக்குத்தான் வருகிறான் போல. நடுவர் சிரிக்கலாமா?

மண்டபம் கேம்ப் – ஆஸ்டின்

சிரிக்கலாம் அண்ணே. போனை மட்டும் சைலன்ட்டில் போடுங்கள்.