வேகன் ஆர் பின் சீட்டைக் கழற்றி சாமான் ஏற்றலாமா? (பெங்களூரு)

அல்சூர்_வண்டி:
2019 மாடல் பெட்ரோல், பின் சீட்டின் சாய்வு (முதுகுப் பகுதி) 60:40 ஆகப் பிரிந்து மடியும். வாரக் கடைசியில் ஓசூரிலிருந்து அல்சூருக்கு 600×400 மி.மீ. பிளாஸ்டிக் க்ரேட் எட்டு வரணும், ஒவ்வொன்றும் 20 கிலோ. சாய்வை மடித்தால் மேடு தட்டி க்ரேட் சரிகிறது. சீட்டையே கழற்றிவிடலாமா? திங்கட்கிழமை திரும்ப மாட்டணும்.

ஸ்பேனர்_14:
மொத்தமும் எதுக்கு தம்பி? கீழ்க் குஷன் மட்டும் வந்தாலே மேடு பெரும்பாலும் இறங்கிவிடும்.

குஷனின் முன் ஓரத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்க. க்ளிப் தட்டுப்பட்டால் அதற்கு நேர் மேலே பிடித்து, ஒவ்வொரு பக்கமாக, வெடுக்கென்று மேலே தூக்கணும். நடுவில் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் கம்பி வளையும், க்ளிப்பும் உடையும். போல்ட் தலை தட்டுப்பட்டால் ஸ்பேனர்தான். முன்பக்கம் விட்டதும் குஷனை முன்னால் இழுத்தால் பின் கொக்கி கழன்று வரும். பெல்ட் பக்கிளை ஓட்டை வழியாக விட்டு எடுங்க. வயர் ஏதாவது போனால் இழுக்காமல் சாக்கெட்டைக் கழற்றுங்க. மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக் சமாசாரம், தொடவே வேண்டாம்.

ஒரு விஷயம்: மடித்த சாய்வு இதுவரை குஷன் மேல்தான் படுத்திருந்தது. குஷன் போனால் பாரம் முழுக்கக் கீல் மேல் விழும், கீல் வளைந்தால் சாய்வு அப்புறம் பூட்டில் விழாது. அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்க.

பிளைவுட்_பாய்:
மேலே 12 மி.மீ. பிளைவுட் போதும், அடியில் ரப்பர் மேட். பலகை ஆடுதே என்று தரையில் ஸ்க்ரூ மட்டும் முடுக்கிடாதீங்க! பின் சீட்டுக்கு நேர் கீழேதான் பெட்ரோல் டேங்க், பக்கத்திலேயே பிரேக் பைப். துளை போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

பிரேக் போட்டால் சாமானைத் தடுக்க நிமிர்ந்த சாய்வு இருக்காது. அதனால் கீழ் வரிசையை முன் சீட்டின் முதுகோடு ஒட்டி வையுங்க, டிக்கி விளிம்பில் பாரம் வேண்டாம். பின் அச்சுக்குப் பின்னால் எடை ஏறினால் முன் சக்கரத்தின் பிடி குறையும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். உயரம் முன் சீட்டின் தோளைத் தாண்டக் கூடாது. ராட்செட் ஸ்ட்ராப்பை (இறுக்கிக் கட்டும் பட்டை) சீட் பெல்ட்டை பாடியோடு பிடித்திருக்கும் நங்கூர போல்ட் இடத்தில் கட்டுங்க. கூரைக் கைப்பிடியில் கட்டினால் பிடுங்கிக்கொண்டு வரும்.

அல்சூர்_வண்டி:
நன்றி அண்ணா. 160 கிலோவை வண்டி தாங்குமா? அத்திப்பள்ளி எல்லையில் போலீஸ் நிறுத்தினால்?

ஆர்சி_புக்:
தாங்கும். மேனுவலில் இருக்கும் மொத்த எடையில் வெறும் வண்டி எடையைக் கழியுங்க. ஐந்து பேருக்கான கணக்கு அது. நீங்கள் இருவர் மட்டும் என்றால் மிச்சம் தாராளம். டயர் காற்றை, ஓட்டுநர் கதவு ஓர ஸ்டிக்கரில் முழு பாரத்துக்குப் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்க.

சட்டம் வேறு கதை. ஆர்.சி.யில் 5 சீட் என்று இருக்கும். அதை நிரந்தரமாக மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-க்கு விரோதம். 182ஏ(4)-இன்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. உள்ளே மரச் சட்டகம் அடித்தாலும் ஷெல்ஃப் வெல்டிங் மட்டும் வேண்டாம். அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவது வெள்ளை போர்டில் (சொந்த உபயோக வண்டியில்) கூடாது. வாரா வாரம் அதே வேலை என்றால் ஈக்கோ கார்கோ மாதிரி சரக்கு வண்டி பார்ப்பதே லாபம்.

ஸ்பேனர்_14:
திரும்ப மாட்டும்போது பாதிப் பேர் சொதப்புவது பக்கிளில்தான். பக்கிள் குஷன் அடியில் சிக்கிக்கொள்ளும், குஷன் உட்கார்ந்த மாதிரியே தெரியும். முதலில் பக்கிளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பின் கொக்கியை மாட்டி, க்ளிப்புக்கு நேர் மேலே முழங்காலை வைத்து அழுத்துங்க. டக்கென்று இரண்டு சத்தம் கேட்கணும். ஒன்றுதான் கேட்டதென்றால் மறு பக்கம் இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடையில் இரண்டு க்ளிப் கூடுதலாக வாங்கி டாஷ்போர்டில் போட்டு வையுங்க.