கார்பனடைட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அல்சூர், வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். லால்பாக் பாறையில் ஏறி விளையாடிய எங்கள் பெங்களூர்ப் பிள்ளைகளை வரும் ஞாயிறு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டிக்கு அழைத்துப் போகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். அங்குள்ள கார்பனடைட்டு, பாதிக்கு மேல் கார்பனேட் கனிமங்களால் ஆன தீப்பாறை. அதற்குத் தமிழ்ப் பெயர் தாருங்கள். லாந்தனம், சீரியம் வகையறா ‘rare earth’ தனிமங்களுக்கு ‘அருமண்’ என்று எழுதியிருக்கிறேன், சரிதானே?

மல்லேசுவரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘சுண்ணத் தீப்பாறை’ என்று வையுங்கள் அம்மா. சுண்ணம் பழஞ்சொல், இலக்கியத்தில் நறுமணப் பொடிக்கும் அதுவே பெயர். சூர்ணத்திலிருந்து வந்தது என்பார்கள். நான் ஒப்பவில்லை. சுள், சுடு, சுண்டு எல்லாம் ஓரினம். சுட்டு நீற்றியது சுண்ணம். தீ அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அருமண் அழகான சொல். அருமருந்து, அருங்கலம் என்பவற்றில் போல அரிதும் உயர்வும் சேர்ந்தே வருகின்றன.

ஜெயநகர், நிலவியல் படித்தவர்:
ஐயா, சுண்ணம் என்றால் கால்சியம்தான் நினைவுக்கு வரும். தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய்தான் இன்று கார்பனடைட்டுக் குழம்பைக் கக்கும் ஒரே எரிமலை. அந்தக் குழம்பில் மிகுந்திருப்பது சோடியம் கார்பனேட். சூடு 500 பாகையை ஒட்டித்தான், வழக்கமான எரிமலைக் குழம்பான பாசால்ட்டின் சூட்டில் பாதி. கறுப்பாக ஓடும், காற்றின் ஈரம் பட்டதும் வெளுக்கும். அதைச் சுண்ணம் என்பது தவறு.

இன்னொன்று. சீரியம் புவி ஓட்டில் ஏறக்குறையச் செம்பு அளவுக்கு இருக்கிறது. ஓரிடத்தில் செறிந்து கிடைப்பதுதான் அரிது. புவி ஓட்டுக்குக் கீழே ஆழத்தில் உள்ள கவசப் பாறை துளியளவு உருகும்போது, கனிமப் படிகங்களில் இடம் கிடைக்காத இந்தத் தனிமங்கள் குழம்போடு வந்துவிடும். சீனாவின் பயான் ஓபோவும் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸும் கார்பனடைட்டோடு சேர்ந்த சுரங்கங்கள். அதற்காகச் சாமல்பட்டியிலும் சுரங்கம் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். எந்தக் கனிமத்தில் இருக்கிறது, பிரித்தெடுக்க முடியுமா என்பதெல்லாம் தனிக் கேள்விகள்.

ஒயிட்ஃபீல்டு, மொழிபெயர்ப்பாளர்:
மணவாளக்குறிச்சி ஆலையை ஊரே ‘அரிய மணல் ஆலை’ என்கிறது. அங்கே அருமண் கொண்ட மோனசைட் கனிமம் கடற்கரை மணலில் வருகிறது, பொருத்தமான பெயர். பாறையில் தேடப் போகும் பிள்ளைக்கு மணல் என்றால் குழப்பம். அருமண் இருக்கட்டும். பாறைக்குக் ‘கார்பனேட்டுத் தீப்பாறை’ போதும். பாடப்புத்தகம் படித்த பிள்ளைக்கு இரண்டு சொல்லும் தெரியும்.

ஜெயநகர்:
வழிமொழிகிறேன்.

அல்சூர்:
சரி, கார்பனேட்டுத் தீப்பாறை என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

மல்லேசுவரம்:
கையேட்டுக்கு அப்படியே போகட்டும். என் வாக்கு இன்னும் சுண்ணத்துக்குத்தான். சோடியம்தான் தடை என்றால், துணி வெளுக்கும் உவர்மண்ணில் இருப்பதும் சோடியம் கார்பனேட்தானே? தான்சானியப் பாறையை ‘உவர்த் தீப்பாறை’ என்று தனியே பிரித்துவிடலாம். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் யாராவது இதற்குப் பதில் எழுதுங்கள்.