போட்டோ எடுக்க ரா-வா ஜேபெக்-ஆ? எடிட்டிங்குக்கு எந்த சாஃப்ட்வேர்? கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே, கேனான் 200டி மார்க் 2 கேமரா வாங்கி ஒரு வருசம் ஆச்சு, இதுவரைக்கும் ஜேபெக்லயேதான் (கேமராவே சரி பண்ணி சுருக்கிக் குடுக்குற ஃபைல்) எடுத்துட்டு இருந்தேன். இந்த சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போயி அழகர் ஆத்துல இறங்குறத எடுத்தேன், விடியக்காலை இருட்டு, மேல இருந்து ஃபோகஸ் லைட்டு, தங்கக் குதிரை மொத்தமும் வெள்ளையா வெடிச்சுப் போச்சு, கூட்டத்துல இருந்தவங்க மூஞ்சி எல்லாம் ஒரே மஞ்சள். வீட்டுக்கு வந்து சரி பண்ணலாம்னு இழுத்தா கலர் திட்டுத் திட்டா உடையுது. அந்த ஒரு நிமிசத்துக்காக ராத்திரி பூரா முழிச்சு நின்னேங்க, அழுகையே வந்துருச்சு.

நண்பன் ஒருத்தன், ரா ஃபைலா (சென்சார் பதிஞ்சத அப்படியே வெச்சிருக்குற ஃபைல்) எடுத்திருந்தா வொயிட் பேலன்ஸ, அதான் லைட்டோட மஞ்சள், நீலச் சாயத்தச் சரி பண்றத, அப்புறமா கூட மாத்தியிருக்கலாம்டாங்குறான். ஜேபெக் 8 பிட், ஒரு கலருக்கு 256 படிதான், ரா 14 பிட்னா 16,384 வரைக்கும் போகுமாம், அது புரியுது. ஆனா சுத்தமா வெடிச்ச இடம் ரா ஃபைல்லயும் திரும்ப வராதுல்ல? அப்ப கொஞ்சம் அண்டர் எக்ஸ்போஸ் பண்ணி (வெளிச்சத்தக் கொறச்சு) எடுக்குறதுதான் வழியா?

அடுத்து சாஃப்ட்வேர். லைட்ரூமுக்கு மாசா மாசம் காசு கட்ட நம்மால முடியாது. டார்க்டேபிள் இறக்கிப் பாத்தேன், ஃப்ரீதான், ஆனா எத்தன மாட்யூல்யா (எடிட்டிங் டூலுங்க) சாமி, தலை சுத்துது. ராதெரபி ஈஸியா இருக்குமா, இல்ல கேனானோட சொந்த சாஃப்ட்வேர் டிபிபியே போதுமா? லேப்டாப் 8 ஜிபி ரேம், கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

ரா பிளஸ் ஜேபெக் ரெண்டும் சேத்து எடுக்குறவங்க யாராச்சும் இருந்தா மெமரி கார்டு எப்புடி சமாளிக்கிறீங்கன்னும் சொல்லுங்க, என்கிட்ட 32 ஜிபி ஒண்ணுதான் இருக்கு.